புழுக்கையில் வெள்ளைப் பருக்கை: புதிதாக ஆடு வளர்ப்போருக்கு நாடாப்புழு வழிகாட்டி

ஆடு வாங்கிப் பட்டி போட்ட இரண்டாம், மூன்றாம் மாதத்தில் ஒருநாள் காலையில் கூட்டிப் பெருக்கும்போது, புழுக்கையின் மேல் வெந்த சோற்றுப் பருக்கை போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே மருந்துக் கடைக்கு ஓடாத புதியவர் குறைவு. நானும் ஓடினேன். குடற்புழு மருந்து என்று கடையில் கொடுத்த புட்டியை வாங்கி வந்து இருபத்திரண்டு ஆடுகளுக்கும் ஊற்றிவிட்டு ஒரு வாரம் காத்திருந்தேன். பருக்கை விழுவது நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் லேபிளைப் படித்தேன். அது ஐவர்மெக்டின். உருளைப்புழுக்களுக்கும் சில வெளி ஒட்டுண்ணிகளுக்கும் நல்ல மருந்து. நாடாப்புழுவை அது ஒன்றும் செய்யாது.

அந்த அவசரத்தில் நான் செய்யாமல் விட்டவற்றை, செய்ய வேண்டிய வரிசையில் இங்கே எழுதுகிறேன். தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புழுக்கையில் கண்ணுக்குத் தெரியும் நாடாப்புழு ஆட்டுக்குப் பெரிய எதிரி அல்ல. ஆட்டின் மூளையிலும் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்ப்பையாக வளர்கிற வேறு நாடாப்புழுக்கள் இருக்கின்றன. அவை புழுக்கையில் ஒருநாளும் தெரிவதில்லை, நாய் வழியாகப் பட்டிக்குள் வருகின்றன, அவற்றில் ஒன்று மனிதரையும் பிடிக்கும். ஆகவே ஆட்டுக்கு மருந்து ஊற்றியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர் வேலையில் சின்னப் பாதியைத்தான் முடித்திருக்கிறார்.

முதலில், எந்தப் புழு என்று பிரித்தறியுங்கள்

நாடாப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. தலையில் உள்ள உறிஞ்சுகளால் குடற்சுவரைப் பற்றிக்கொண்டு, ஆடு செரித்து வைத்திருக்கும் சத்தைத் தோல் வழியாகவே இழுத்துக்கொள்கிறது. கழுத்துப் பகுதியில் புதுக் கண்ணிகள் உண்டாக உண்டாக, முட்டை நிறைந்த பழைய கண்ணிகள் வால்பக்கம் தள்ளப்பட்டு அறுந்து விழுகின்றன. நாம் காணும் பருக்கை அந்தக் கண்ணிதான்.

ஆட்டைப் பொறுத்தவரை நாடாப்புழுக்களை இரண்டு வகையாகப் பிரித்து மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லாம் எளிது. முதல் வகையில், முதிர்ந்த புழு ஆட்டின் குடலிலேயே வாழும். மொனீசியா, அவிடெலினா, ஸ்டைலீசியா ஆகியவை இந்தக் கூட்டம். இவற்றுள் அதிகம் காணப்படும் மொனீசியா எக்ஸ்பான்சா ஆறு மீட்டர் வரைகூட வளரக்கூடியது. அத்தனை நீளப் புழு குட்டியின் வயிற்றில் இருப்பதைக் கேட்டாலே பதறுகிறோம்; ஆனால் அதன் தீங்கு அதன் நீளத்துக்கு ஏற்றதாக இல்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளில் எண்ணிக்கை மிகுந்தால் வயிறு உப்பும், கழிச்சல் வரும், வளர்ச்சி மட்டுப்படும். வளர்ந்த ஆடுகளோ பெரும்பாலும் எதிர்ப்பாற்றல் பெற்றுவிடுகின்றன. குட்டி மெலிந்து கிடக்கிறது, புழுக்கையில் பருக்கையும் தெரிகிறது என்றால், பழியை உடனே நாடாப்புழுவின் மேல் போடாமல் கீழ் இமையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு மங்கி வெளுத்திருந்தாலோ, தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினாலோ, உண்மையான குற்றவாளி நான்காம் இரைப்பையில் இருந்து இரத்தம் உறிஞ்சும் ஹீமோன்கஸ் என்னும் உருளைப்புழுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கண்ணுக்குத் தெரிந்த புழுவைத் துரத்திக்கொண்டிருக்கும்போது தெரியாத புழு ஆட்டைக் கொன்றுவிடும்.

இரண்டாம் வகையில், முதிர்ந்த புழு நாய், நரி, ஓநாய், செந்நாய் போன்ற ஊனுண்ணிகளின் குடலில் வாழும். ஆடு அதன் இளம்பருவத்துக்கு மட்டும் இடம் கொடுக்கும். டீனியா மல்டிசெப்ஸ், டீனியா ஹைடாடிஜினா, எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் ஆகிய மூன்றின் பெயர்களையும் நினைவில் கொள்ளுங்கள். இவற்றை நாயிடம் பிடிக்க வேண்டுமே தவிர ஆட்டிடம் பிடிக்க முடியாது.

சாணப் பரிசோதனை

கீழே கிடக்கும் புழுக்கையை அள்ளிக்கொண்டு போகாதீர்கள். எந்த ஆட்டினுடையது, எத்தனை மணி நேரம் கிடந்தது என்று தெரியாது. கையுறை அணிந்து, விரலில் சிறிது எண்ணெய் தடவி, ஆசனவாயிலிருந்தே ஏழெட்டுப் புழுக்கைகளை எடுத்து மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டு, ஆட்டின் அடையாளத்தை எழுதி, அன்றே கால்நடை மருந்தகத்துக்கோ மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ கொண்டு செல்லுங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையங்கள் பல மாவட்டங்களில் உள்ளன, அங்கும் கேட்கலாம். மந்தையில் எல்லா ஆட்டுக்கும் தேவையில்லை. குட்டிகளில் நான்கைந்து, தாயாடுகளில் நான்கைந்து போதும்.

நுண்ணோக்கியில் மொனீசியா எக்ஸ்பான்சாவின் முட்டை முக்கோணமாகவும், பெரும்பாலும் மாடுகளில் காணப்படும் மொனீசியா பெனடெனியின் முட்டை ஏறக்குறையச் சதுரமாகவும் தெரியும். ஒரு முறை கேட்டுப் பாருங்கள், காட்டுவார்கள், பார்த்தால் மறக்காது. கண்ணி உடையாமல் முழுதாக விழுந்திருந்தால் முட்டை புழுக்கையில் கலந்திருக்காது என்பதால், பருக்கை கண்ணில் பட்டும் முடிவில் ‘முட்டை இல்லை’ என்று வருவதுண்டு. அதனால் பருக்கையை நீங்கள் கண்டிருந்தால் அதையும் தனியே எடுத்துச் சென்று காட்டுங்கள்.

மருந்து: எடை பார்த்த பிறகே

லேபிளில் வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்கப் பழகுங்கள். ஐவர்மெக்டினும் பைப்ரசினும் நாடாப்புழுவுக்கு உதவா. அல்பென்டசோல், ஃபென்பென்டசோல், நிக்ளோசமைடு, பிராசிகுவன்டெல் ஆகியவை வேலை செய்யும். அல்பென்டசோல் நாடாப்புழுவுக்குப் பொதுவாகக் கிலோ எடைக்கு 10 மி.கி. என்ற கணக்கில் தரப்படுகிறது. 2.5 சதவீதக் கரைசலில் ஒரு மி.லி.க்கு 25 மி.கி. மருந்து இருக்கிறது, ஆக 20 கிலோ ஆட்டுக்கு 200 மி.கி., அதாவது 8 மி.லி. இதே மருந்து வேறு செறிவுகளிலும் விற்கப்படுவதால், ‘போன முறை 8 மி.லி. ஊற்றினேன்’ என்ற நினைவை நம்பிப் புதுப் புட்டியைத் திறக்கக் கூடாது. வெள்ளாட்டின் உடல் மருந்தைச் செம்மறியைவிட விரைவாகக் கரைத்து வெளியேற்றிவிடும். எனவே வெள்ளாட்டுக்கான அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சினை பிடித்த முதல் ஒன்றரை மாதத்தில் அல்பென்டசோல் கொடுத்தால் கருவில் ஊனம் உண்டாகலாம். எந்த ஆடு எப்போது கிடாவுடன் சேர்ந்தது என்று தெரியாவிட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

எடையைக் கண்ணால் மதிப்பிடுவதில் நம்மில் பெரும்பாலோர் குறைத்தே மதிப்பிடுகிறோம். மருந்து குறைந்தால் புழு சாகாது. உடன் இருக்கும் உருளைப்புழுக்கள் அந்த மருந்துக்குப் பழகியும் விடும். ஒரு தொங்கு தராசும் சாக்கில் தைத்த தொட்டிலும் இருந்தால் போதும்.

ஊற்றும்போது செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: ஆட்டின் தலையை வானம் பார்க்கத் தூக்குவது. அப்படித் தூக்கினால் மருந்து மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். மூக்கு கண்ணின் மட்டத்துக்கு மேலே போகாமல் தலையைப் பிடித்து, ஊசி கழற்றிய சிரிஞ்சைக் கடைவாய்ப் பக்கமாகச் செருகி, நாக்கின் மேல் மெதுவாக விடுங்கள். இருமினால் உடனே விட்டுவிடுங்கள். அடங்கிய பிறகு மீதியைக் கொடுக்கலாம். மருந்து கொடுத்தபின் ஓரிரு நாள் ஆடுகளைப் பட்டியிலேயே வைத்துத் தீவனம் போட்டு, அந்த நாட்களின் சாணத்தை எருக்குழியின் நடுவில் தள்ளி மூடுங்கள். பாலையும் இறைச்சியையும் எத்தனை நாள் விலக்க வேண்டும் என்பது லேபிளில் இருக்கும்.

மீண்டும் பருக்கை விழுந்தால் எப்படிப் புரிந்துகொள்வது? இரண்டு வாரத்துக்குள் விழுந்தால் மருந்து தவறு, அல்லது அளவு குறைவு. ஒன்றரை, இரண்டு மாதம் கழித்து விழுந்தால் மருந்தில் குறையில்லை. குட்டி மேய்ச்சலில் புதிதாக வாங்கியிருக்கிறது. உட்கொண்ட புழு வளர்ந்து கண்ணி உதிர்க்க ஏறக்குறைய ஆறு வாரம் ஆகிறது.

மேய்ச்சல் நிலத்தில் என்ன நடக்கிறது

பருக்கையில் உள்ள முட்டையை இன்னோர் ஆடு நேராக உண்டால் ஒன்றும் ஆகாது. மண்ணிலும் புல்லின் அடியிலும் வாழும், ஒரு மி.மீ.கூட இல்லாத ஓரிபேட்டிட் என்னும் சிலந்திப்பேன் அந்த முட்டையைத் தின்ன வேண்டும். அதன் உடலுக்குள் சில மாதங்கள் இளம்புழு வளர வேண்டும். பிறகு அந்தப் பேனைப் புல்லோடு சேர்த்து ஆடு விழுங்க வேண்டும். இந்தப் பேன்கள் ஓராண்டுக்கு மேலும் உயிர் வாழக்கூடியவை என்பதால், நிலத்தை ஒரு பருவம் சும்மா போட்டு வைப்பதால் பெரிய பலன் இல்லை. ஆனால் அவை வெளிச்சத்துக்கும் வறட்சிக்கும் அஞ்சுபவை. பனி ஈரம் உள்ள விடியலிலும் மாலை மங்கலிலும் புல்லின் மேலே ஏறி, வெயில் ஏறியதும் மண்ணுக்குள் இறங்கிவிடும். பனி காய்ந்த பின் மந்தையை ஓட்டிச் செல்வது என்ற பழைய ஆட்டுக்காரர்களின் வழக்கத்துக்கு இது ஒரு நல்ல காரணம். குட்டிகளுக்காவது அதைக் கடைப்பிடியுங்கள். உழுது புதிதாகப் பயிரிட்ட தீவன நிலத்தில் இந்தப் பேன்கள் குறைவாக இருக்கும். முடிந்தால் பால் மறந்த குட்டிகளை அங்கே விடுங்கள்.

ஆடு அறுக்கும் நாளில் உள்ளே பாருங்கள்

வழிகாட்டிகளில் இந்தப் படியை யாரும் எழுதுவதில்லை. எனக்கோ இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கற்றுக்கொடுத்தது. வீட்டு விசேஷத்துக்கு அறுக்கும்போது, தோலுரித்து வயிற்றைத் திறந்ததும், குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வைத் தூக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். எலுமிச்சம்பழ அளவில், மெல்லிய தோலுக்குள் தெளிந்த நீர் தளும்ப, ஒரு பை தொங்கக் காணலாம். அதன் உட்சுவரில் ஒரே இடத்தில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தது போல வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது டீனியா ஹைடாடிஜினாவின் இளம்பருவம். அந்தப் புள்ளிதான் வருங்காலப் புழுவின் தலை. இளம்புழுக்கள் ஈரலைத் துளைத்துப் போன தடங்களும் ஈரல்மேல் கோடு கோடாகத் தெரியும்.

ஈரலிலோ நுரையீரலிலோ பாதி புதைந்தபடி, வெளுத்துத் தடித்த சுவருடன், அழுத்தினால் இறுக்கமாக எதிர்க்கும் கட்டி இருந்தால் அது வேறு. எக்கினோகாக்கஸின் நீர்க்கட்டி அது. உள்ளே இருக்கும் நீரின் அடியில் நொய் மணல் போலப் படிந்திருப்பவை எண்ணற்ற புழுத் தலைகள். குத்தி உடைத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு உறுப்பை முழுதாகவே அப்புறப்படுத்துங்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். இந்தக் கட்டியுள்ள ஈரலைத் தின்றால் நமக்கும் கட்டி வரும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. நமக்கு அது வருவது நாயின் மலத்தில் உள்ள முட்டையிலிருந்து. ஆனால் அந்த ஈரலை ‘நமக்கு வேண்டாம்’ என்று சுற்றி நிற்கும் நாய்க்கு வீசிவிட்டால், சுமார் ஆறு வாரத்தில் அந்த நாய் நம் வாசலிலேயே முட்டை போடத் தொடங்கும். 1853-இலேயே ஜெர்மன் விலங்கியலாளர் கார்ல் வான் சீபோல்டு, ஆட்டின் நீர்க்கட்டியை நாய்களுக்கு ஊட்டி அவற்றின் குடலில் முதிர்ந்த புழுக்கள் வளர்வதைக் காட்டிவிட்டார். ஆகக் கழிவு உறுப்பை ஒன்று எரிக்க வேண்டும், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்து மேலே முள்ளும் கல்லும் போட வேண்டும். நாய்க்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் துண்டு துண்டாக நறுக்கி முக்கால் மணி நேரம் கொதிக்க வைத்துக் கொடுங்கள்.

தலை சாய்த்துச் சுற்றும் ஆடு

டீனியா மல்டிசெப்ஸின் நீர்ப்பை ஆட்டின் மூளையில் வளரும். ஆடு மந்தையை விட்டு ஒதுங்கும், தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கும், ஒரே திசையில் வட்டமிடும், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு கண்ணில் பார்வை போவதும் உண்டு. இவை வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடும். மாறாக, காய்ச்சலுடன் ஓரிரு நாளில் திடீரென்று சுற்றத் தொடங்கி, காதும் உதடும் ஒரு பக்கம் தொங்கினால் லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா நோயாக இருக்கலாம். அது அவசரம், அன்றைக்கே ஊசி வேண்டும். இரண்டில் எது என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். மூளைப் பை மண்டையோட்டின் அருகே இருந்தால் அந்த இடத்தில் எலும்பு மெலிந்து விரலுக்கு அமுங்கும். அந்தக் கட்டத்தில் அறுவை செய்து பையை எடுக்க முடியும். கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது செய்யப்படுகிறது. வெள்ளாடுகளில் இதே புழுவின் பை தோலுக்கடியிலும் தசையிலும் வருவதுண்டு. தொடையிலோ தோளிலோ மெத்தென்ற வீக்கம் கண்டால், சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறிவிடாதீர்கள்.

நாய்: எல்லாம் இங்கே வந்து முடிகிறது

நாயின் பின்புறத்திலோ படுக்கையிலோ வெள்ளரி விதை போன்ற துண்டுகளைக் கண்டால் அது பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி வழியாக வரும் டிபிலிடியம் என்னும் நாய் நாடாப்புழு; ஆட்டுக்கு அதனால் கேடில்லை. ஆட்டுக்கும் நமக்கும் கேடு செய்யும் எக்கினோகாக்கஸோ முழுதாக வளர்ந்தும் சில மி.மீ. நீளமே இருக்கும். ஆயிரக்கணக்கில் சுமந்துகொண்டு, உடம்பில் ஒரு குறையும் தெரியாமல், வாலாட்டிக்கொண்டு நிற்கும் நாய் உண்டு. ஆகவே அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். பட்டிநாய்க்கு 10 கிலோ எடைக்கு 50 மி.கி. என்ற கணக்கில் பிராசிகுவன்டெல் மாத்திரையை ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். புழு முதிர்ந்து முட்டையிடும் முன் அதைத் தீர்த்துவிடுவதற்காகத்தான் இந்த ஆறு வாரக் கணக்கு. மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. எனவே மாத்திரை கொடுத்த நாயை இரண்டு நாள் கட்டிப்போட்டு, மலத்தைக் கையுறையோடு அள்ளி எரித்துவிடவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். கிருமிநாசினி தெளிப்பதால் பயனில்லை. முட்டைக்குப் பகை கொதிநீரும் கடும் வெயிலும்தான்.

கிடை போடும் கீதாரிகளின் நாய்கள் ஊர் ஊராகச் செல்பவை. உங்கள் வயலில் கிடை அமர்த்தினால், நாய்களுக்கான மாத்திரைச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளலாம். கிடைக்குக் கொடுக்கும் கூலியோடு பார்த்தால் அது பெரிய தொகை அல்ல.

நாயையும் கழிவையும் கட்டுப்படுத்தினால் போதுமா என்று கேட்பவர்களுக்கு ஐஸ்லாந்தைச் சொல்வேன். நீர்க்கட்டி நோய் அங்கே மக்களை வாட்டிய காலத்தில், 1863-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் கிராபே அங்கு சென்று நாய்களை ஆராய்ந்து, மறு ஆண்டு ஊராருக்கு விளங்கும்படி ஒரு சிறு நூல் எழுதினார். பிராசிகுவன்டெல் அன்று இல்லை. நாய்களின் எண்ணிக்கையைக் குறைப்பது, கழிவு உறுப்புகளை அவற்றுக்கு எட்டாமல் அழிப்பது ஆகியவற்றை முக்கிய வழிகளாகக் கொண்டு அந்த நாடு நோயை ஒழித்தது. இதே போராட்டத்தைப் பின்னர் நடத்திய நியூசிலாந்து 2002-இல் தற்காலிகமாக நோயற்ற நாடு என்று அறிவித்துக்கொண்டது.

காட்டோரத்தில் மேய்ப்பவர்களுக்கு

காட்டில் இந்தச் சுழற்சி மனிதன் இல்லாமலேயே நடக்கிறது. மான் புல்லை மேயும், செந்நாயோ நரியோ மானைத் தின்னும், அதன் எச்சத்திலிருந்து முட்டை மீண்டும் புல்லுக்கு வரும். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் உள்ள ஐல் ராயல் தீவில், மூஸ் என்னும் பெரிய மானின் நுரையீரலில் நீர்க்கட்டியும், அதை வேட்டையாடும் ஓநாயின் குடலில் புழுவுமாக இந்தக் கணக்கு ஓடுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதைக் குலைக்க நமக்கு வழியும் இல்லை, தேவையும் இல்லை. நம் பொறுப்பு நம் பட்டியின் பங்கை அதில் சேர்க்காமல் இருப்பது. செத்த ஆட்டைக் காட்டோரத்தில் வீசுவதால் ஊர்ப்புழு காட்டுக்குப் போகிறது. காட்டில் கிடக்கும் மிச்சத்தைத் தின்ன நாயை அவிழ்த்துவிடுவதால் காட்டுப்புழு ஊருக்கு வருகிறது. இறந்து கிடக்கும் மானைத் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். காட்டு விலங்கை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வீட்டில்

நாயைத் தடவிய கையை, தோட்டத்து மண்ணைக் கிளறிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வாயருகே கொண்டு செல்லுங்கள். ஆல்கஹால் கலந்த கைத்துடைப்புக் கரைசல் இந்த முட்டைகளை அழிக்காது. நாய் நடமாடும் பாத்தியில் பறித்த கீரையை ஓடும் நீரில் நன்றாக அலசிச் சமையுங்கள். மனிதருக்குள் நீர்க்கட்டி பல ஆண்டுகள் சத்தமின்றி வளரும். வலது விலாவின் கீழ் நாட்பட்ட கனமோ வலியோ இருந்து மருத்துவரிடம் போனால், ஆடும் நாயும் வளர்ப்பதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு செய்தியால் ஸ்கேன் பார்ப்பவரின் கண் சரியான இடத்துக்குப் போகும்.

கடைசியாக, பட்டிச் சுவரில் ஆணியடித்து ஒரு நாட்காட்டியைத் தொங்கவிடுங்கள். ஆட்டுக்கு மருந்து ஊற்றிய தேதி, மருந்தின் பெயர், செறிவு, பருக்கை மறுபடி விழுந்த தேதி ஆகியவற்றை ஒரு நிறத்திலும், நாய்க்கு மாத்திரை கொடுத்த தேதியை இன்னொரு நிறத்திலும் எழுதுங்கள். என் பட்டியில் நாய்க்கு உரிய நிறம் சிவப்பு.